பலகையில் குத்திய மாதிரிப் படிவம்

சங்கத்தின் நலப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன்.

போன மாதம் செங்காங்கில் உங்கள் புது அலுவலகத்தைப் பார்க்க வந்திருந்தேன். எண் சீட்டு, குளிர்சாதனம், மெத்தை போட்ட நாற்காலி என்று எல்லாம் இருக்கிறது. அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்த கிழவி நான்தான். வயதான கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். இருபத்திரண்டு வயதிலும் நான் இப்படித்தான். உங்களில் ஒரு பெண், "ஆன்ட்டி, அந்தக் காலத்து அனுபவம் ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன், எங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும் லா" என்று கேட்டாள். நான் பிடிகொடுக்காமல் கிளம்பிவிட்டேன். வாசலைத் தாண்டும்போதுதான் சுவரிலிருந்த திரையைப் பார்த்தேன். ஒரு படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிரப்பி, 'மாதிரி' என்று தலைப்பும் கொடுத்து ஓடவிட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

படிவம் நிரப்புவது எப்படி என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

எழுபத்து நான்கில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சங்க அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே மசாலா அரைக்கும் மில். மிளகாய் அரைக்கிற நாளில் நாங்கள் தும்மிக்கொண்டேதான் வேலை பார்ப்போம். எங்கள் உறுப்பினர்கள் எல்லாரும் வடக்குக் கரையோரம் இருந்த ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளிகள். வெல்டர், பெயிண்டர், கப்பலைச் சுற்றிச் சாரம் கட்டுகிறவர்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அப்படியே பஸ் பிடித்து வருவார்கள். எங்கள் மாடிப்படி அன்று மூச்சுத் திணறும்.

அறையில் இரண்டு மேசை. ஒன்று என்னுடையது. எதிரே இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், இன்றும் பிடோக்கில் நலமாக இருக்கிறார். அதனால் எதிர்மேசைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, வந்தவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். நான் வந்தவர் வாய் திறப்பதற்குள் பாதிப் படிவத்தை முடித்திருப்பேன். "ஸ்டெல்லா, கொஞ்சம் உட்காரும்மா, பதறாத காரியம் சிதறாது" என்பார். "உட்கார்ந்தே இருந்தா வரிசை நகருமா சார்?" என்பேன். இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உறுப்பினர்களில் பலருக்கு ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுத வரும், படித்துப் புரிந்துகொள்ள வராது. அதனால் புதுப் படிவம் எது வந்தாலும் எங்களில் ஒருவர் சொந்த விவரத்தைப் போட்டு நிரப்பி, அதைப் பலகையில் குத்தி வைப்போம். வருகிறவர்கள் பலகைக்கு முன்னால் நின்று வரி வரியாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இந்த யோசனை என்னுடையது. வரிசை பாதியாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சேமநிதியை எடுத்து வீடு வாங்கலாம் என்று எல்லாரும் விண்ணப்பம் போட்ட காலத்தில் ஒரு கூத்து நடந்தது. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வரும் ஒரு பெயிண்டர் பலகையைப் பார்த்து எழுதினார். பெயர் மட்டும் அவருடையது. பிறந்த தேதி என்னுடையது, பாலினமும் என்னுடையது. 'குமாரி' என்று விளித்து அவருக்குப் பதில் வந்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, "என்னாங்க இது, என்னைப் பொம்பளையாக்கிட்டீங்க!" என்று சத்தம் போட்டார். சந்தே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். எதிர்மேசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எதை மாத்தணும், எதை மாத்தக் கூடாதுன்னு பலகை சொல்லலியேம்மா" என்றார். சிரிப்புக்கு நடுவே அது என் காதில் ஏறவில்லை.

சேமநிதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் மாதா மாதம் சேர்ந்து, ஐம்பத்தைந்து வயது வரை பூட்டிக் கிடக்கும் பணம். எங்கள் ஆட்களுக்கு ஓய்வூதியம் என்றால் அது ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் அந்தப் பணத்தில் பேருந்து நிறுவனத்தின் பங்குகளை வாங்க வழி திறந்தார்கள். வாங்கியவர்களுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் எண்பதுகளின் நடுவில், ஒரு பகுதியை எடுத்து அவரவர் பெயரில் பங்குச் சந்தையில் போட அனுமதிக்கலாமா என்ற பேச்சு கிளம்பியது.

அந்தப் பேச்சு கிளம்பிய நேரத்தை நினைத்துப் பாருங்கள். பட்டறையில் வேலை குறைந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சந்தையையே சில நாள் இழுத்து மூடிய அதிர்ச்சி ஊரில் இன்னும் ஆறவில்லை. எல்லாரும் சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருந்தோம். கோப்பிக்கடையில் ஒருவர் வேலை போன கதை சொல்வார், பக்கத்து மேசையில் இன்னொருவர் எந்தப் பங்கு ஏறும் என்று சொல்வார். கிளைக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு கருத்து முடிவு செய்து மேலே அனுப்ப வேண்டும் என்று வந்தது.

எங்கள் அறைக்குள் இரண்டு மாதம் சண்டை.

"மொதலாளி தவுக்கேமாருக்கு மட்டும் பணம் குட்டி போடணுமா? நம்ம ஆளுங்க பணம் மட்டும் பூட்டுக்குள்ளயே கெடக்கணுமா? அவங்க உழைச்ச காசு சார், என்ன செய்றதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டுமே" என்பேன் நான்.

"தவுக்கேக்கு ஒரு பானை ஒடஞ்சா வீட்ல இன்னும் நாலு பானை இருக்கும். நம்ம சாரம் கட்டுற கருப்பையா அண்ணனுக்கு ஒரே பானை. ஏறுறப்ப எல்லாருக்கும் ஏறும், சரி. எறங்குற அன்னிக்கி ஒருத்தருக்கு வயசு முப்பது, ஒருத்தருக்கு அம்பத்தி நாலு. அதுக்கு என்னம்மா சொல்றே?" என்பார் அவர்.

"அப்ப நம்ம ஆளுங்களுக்கு யோசிக்கத் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"அவங்களுக்குத் தெரியும். நமக்குச் சொல்லத் தெரியுமாங்கறதுதான் என் சந்தேகம்."

கூட்டத்தில் நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன். 'ஏழையின் பணம் என்பதற்காக அது சோம்பேறியாக இருக்க வேண்டுமா' என்று கேட்டபோது விசில் பறந்தது. ஆதரவாகத்தான் தீர்மானம் போனது. எங்கள் கிளைத் தீர்மானத்தைப் பார்த்துத்தான் நாடு முடிவெடுத்தது என்று நான் நினைக்கிற அளவுக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் எண்பத்தாறில் திட்டம் வந்தபோது நானே பெற்றுப் போட்ட மாதிரி துள்ளினேன்.

வங்கியில் கணக்குத் திறக்க ஒரு படிவம், முதல் தடவை வாங்குவதற்கு ஒரு உத்தரவுத் தாள். முதல் நாளே நான் எனக்காக நிரப்பினேன். வயது முப்பத்து நான்கு. தொகை, எடுக்க அனுமதித்த அளவு முழுவதும். வாங்கும் பங்கு, ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த ஒரு ஹோட்டல் நிறுவனத்துடையது. ஏன் அந்தப் பங்கு என்று கேட்டால் இன்றும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதன் முகப்பு விளக்கு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். நிரப்பியதை நகல் எடுத்துப் பலகையில் குத்தினேன்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை.

வந்தவர்கள் 'இது நல்லதா, கெட்டதா' என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். "நீங்க போட்டுட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்பார்கள். "ஓ, போட்டுட்டேனே, பலகையில பாருங்க" என்பேன். பார்த்தார்கள். இந்தத் தடவை பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் கவனமாக மாற்றினார்கள். தொகையையும் பங்கின் பெயரையும் அப்படியே எழுதினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவையும் அஞ்சல் குறியீடு மாதிரி, படிவத்தில் இருந்தாக வேண்டிய ஒரு விஷயம்.

கருப்பையா அண்ணன் அப்படி எழுதியவர்களில் ஒருவர். சாரம் கட்டுகிறவர். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று. கப்பலை டாக்கில் ஏற்றி நிறுத்தியதும் அதைச் சுற்றி இரும்புக் குழாய்களால் ஏழெட்டு மாடி உயரத்துக்குச் சாரம் எழுப்புவது அவர்களுடைய வேலை. இருபத்தாறு வருடமாக அதில் ஏறி இறங்கியவர். அவருக்கு ஒரே திட்டம். ஐம்பத்தைந்தில் சேமநிதியை எடுத்து, யீஷூனில் ஒரு கோப்பிக்கடைத் தவுக்கேயிடம் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்து, மனைவியோடு தோசைக் கடை போடுவது. தவுக்கேயிடம் வாய்மொழியாகப் பேசியும் வைத்திருந்தார். அவருடைய தாளை நான்தான் சரிபார்த்தேன். சரிபார்த்தேன் என்றால், கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். வயதுக் கட்டத்தில் என் கண் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஒரு வருடம் எல்லாம் ஏறியது. கருப்பையா அண்ணன் சனிக்கிழமைதோறும் பகோடா வாங்கிக்கொண்டு வருவார். எதிர்மேசைக்காரர் ஒரு பகோடாவை எடுத்துக்கொண்டு, "அண்ணே, கடைக்கு வேண்டியதை மட்டுமாவது இப்ப வித்துத் திரும்ப நிதிக்குள்ள போட்டுடலாமே" என்றார் ஒரு தடவை. அண்ணன் என்னைப் பார்த்தார். "நான் விக்கலியே" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரும் விற்கவில்லை.

எண்பத்தேழு அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, உலகம் முழுக்கப் பங்குகள் சரிந்தன. சிராங்கூன் சாலையில் துணிக்கடைக் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே எங்கள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. நான் எடுப்பேன், வைப்பேன், சன்னலுக்குப் போவேன், மறுபடி வருவேன். அந்த வாரம் எத்தனை தடவை அந்த மாடிப்படியில் காரணமே இல்லாமல் இறங்கி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. என் பணமும்தான் போயிற்று. ஆனால் எனக்கு இன்னும் இருபது வருடம் இருந்தது. என்னைப் பார்த்து எழுதியவர்களில் யாருக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்று அன்றுதான் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கருப்பையா அண்ணன்தான் விளிம்பில் நின்றார். அடுத்த ஜூனில் அவருக்கு ஐம்பத்தைந்து.

தீபாவளி முடிந்து இரண்டாவது சனிக்கிழமை அவர் வந்தார். பகோடா இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், எனக்கும் கொஞ்சம் ஆறும் என்று காத்திருந்தேன். அவர் ஒரு உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு சாம்பிள் பலகையில இல்லியே, தங்கச்சி" என்றார்.

பட்டறையில் மறுபடி கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. சாரம் கட்ட ஆள் பற்றவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியும் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதித் தர வேண்டிய படிவம் அது. நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன், அவர் பதில் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் உடல்நலக் கேள்விகள். "மயக்கம், தலைசுற்றல், வலிப்பு ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

அவர் சன்னலைப் பார்த்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லன்னு போடுங்க."

"அண்ணே, என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

 பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஏழெட்டு மாசமா இருக்கு. கீழ ஒண்ணும் இல்ல. மேல போனா மட்டும்தான். ரெண்டு கையாலயும் பைப்பக் கட்டிப்புடிச்சிக்கிட்டுக் கண்ண மூடுனா செத்த நேரத்துல சரியாப் போயிரும். யாருக்கும் தெரியாது. ஜூனோட முடிஞ்சிரும்னுதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப இன்னும் ஒரு வருஷம் ஏறுனா போன காசு வந்துரும்ல?"

 ஏழாவது தட்டில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை இன்னும் ஒரு வருடம் அங்கே நிறுத்தி வைக்கப் போவது என் மாதிரிப் படிவம். நான் எழுந்துவிட்டேன். என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல், "போன பணத்த நான் தர்றேண்ணே, என் சேமிப்புல இருந்து தர்றேன், நீங்க ஏறாதீங்க" என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "என்ன தங்கச்சி, பிச்சைக்கா வந்தேன் நான்? பாத்து எழுதுனது என் கை. நீங்க எழுதித் தரலைன்னா விடுங்க. தேக்கா மார்க்கெட்டுல ரெண்டு வெள்ளி குடுத்தா எழுதித் தர ஆள் இருக்கு" என்று படிவத்தைப் பிடுங்கினார். உண்மைதான். நான் மறுத்தால் அடுத்த சந்தில் ஒருவர் 'இல்லை' என்று கோடு போட்டுத் தருவார். மறுப்பதில் என் கை சுத்தமாக இருக்கும், அவர் கால் மட்டும் ஏழாவது தட்டில் இருக்கும்.

அப்போதுதான் எதிர்மேசைக்காரர் எழுந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்தில் அலுவலக நேரத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பின்னால் வைத்து, "உட்காரு" என்றார். 'அம்மா' சேர்க்கவில்லை. உட்கார்ந்தேன். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்டால் எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அந்தச் சலுகையை அவர் எனக்குத் தரவில்லை.

"அண்ணே, நீங்க ஏறுறது கடைக்காகவா, போன காசுக்காகவா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"இல்லண்ணே. கடைக்கு இவ்வளவு வேணும்னு ஒரு அளவு இருக்கு. போன காசுக்கு அளவே கெடையாது. அது திரும்பி வர்ற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கேளு. நீதான கேக்காம விட்டே."

ஆகவே நான் கேட்டேன். ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை. கடைக்கு எந்த மாதம் பணம் வேண்டும்? ஜூனில். முன்பணம் எவ்வளவு, முதல் ஆறு மாத வாடகைக்கு எவ்வளவு? வீட்டில் வேறு வருமானம் உண்டா? இல்லை. கேட்கக் கேட்க ஒன்று தெளிந்தது. கடை போடுவதற்கு எல்லாப் பணமும் திரும்பி வர வேண்டியதில்லை. சரிந்த விலையிலேயே பாதிப் பங்கை விற்றால், நிதியில் மிச்சம் இருப்பதோடு சேர்த்துக் கடை எழும். இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஆனால் எழும்.

"அப்ப விக்கவா, வேணாமா?" என்றார் அண்ணன்.

என் மனம் என்ன சொன்னது தெரியுமா? வேண்டாம் என்றது. விற்றால் நஷ்டம் நஷ்டமாகவே நின்றுவிடும், என் தப்பும் அதோடு நின்றுவிடும். விற்காமல் வைத்திருந்தால் என்றாவது ஏறும், நானும் தப்பு செய்யாதவள் ஆகிவிடலாம். அவருக்காகப் பேசுகிற மாதிரி எனக்காகப் பேசவிருந்தேன். இதை நன்றாக நினைவில் வையுங்கள், உங்களுக்கும் இது வரும். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஜூன்ல வேணும்ங்கற பணம் ஜூன் வரைக்கும் ஆடக் கூடாதுண்ணே. மத்தது ஆடட்டும்." அவர் நீட்டிப்புப் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, பாதியை விற்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் வரை இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் ஏறத்தான் வேண்டுமா? திங்கட்கிழமை நானும் அவரும் பட்டறைக்குப் போனோம். போகும்போது பஸ்ஸில் ஒரே நிபந்தனை போட்டார். "தலைசுத்தல்ங்கற வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா ஒரு பய என்கூட வேலைக்கு நிக்க மாட்டான்." சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஃபோர்மேன் ஒரு சீனர். எங்களுக்குள் கடைத்தெரு மலாயில்தான் பேச்சு. கருப்பையாவைக் கீழே ஸ்டோரில் போடுங்கள், கப்பலிலிருந்து திரும்பி வரும் குழாயையும் குழாய்களை இணைக்கும் பூட்டையும் சரிபார்க்கட்டும், அவர் கட்டிய சாரத்தில் ஒருவர்கூட விழுந்ததில்லை, எந்தப் பூட்டு தாங்கும் எது தாங்காது என்று தொட்டாலே சொல்வார் என்றேன். ஃபோர்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று நேராகக் கேட்டார்.

அண்ணன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல உரிமை இல்லை. "இருபத்தேழு வருஷம் ஏறினவர் இறங்குறேங்கிறார். இறங்குறதுக்கும் ஒரு வியாதி வேணுமா?" என்றேன். ஃபோர்மேன் சிரித்துவிட்டார். எட்டு மாதத்துக்கு ஸ்டோரில் போட்டார். உயரத்துக்குக் கொடுத்த கூடுதல் சம்பளம் நின்றது.

அண்ணன் எனக்கு நன்றி சொல்லவில்லை. "தரையில ஒக்கார வச்சிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் மாடிப்படி ஏறி வரவில்லை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் எதிர்மேசைக்காரர் பலகையிலிருந்து என் தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று குத்தினார். பெயர், முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது. வயது, எவ்வளவு, எதில் என்ற மூன்று கட்டங்களை மட்டும் வெறுமையாக விட்டு, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். வட்டத்தைப் பார்த்ததும் ஆட்கள் பேனாவோடு தடுமாறி எங்கள் மேசைக்கு வருவார்கள். அப்போது பேசுவோம். வரிசை மறுபடி நீண்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அளக்கிறதுக்கு நேரம் ஆகத்தானே செய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை பொய்யாகிவிடும். ஓரிரு வருடத்தில் சந்தை ஏறியது. அண்ணன் விற்காமல் வைத்திருந்தால் அந்தப் பாதியும் திரும்பியிருக்கும். எதிர்மேசைக்காரர் அதை ஒரு நாளும் எடுக்கவில்லை, நான்தான் கணக்குப் போட்டுப் போட்டுப் புழுங்கினேன். தொழிலாளிக்குத் தன் பணத்தில் தேர்வு வேண்டும் என்ற என் கட்சியை நான் இன்றும் விடவில்லை. அவரும் தன் கட்சியை விடவில்லை. பிடோக்கில் பார்த்தால் இன்றும் சண்டைதான். என் தப்பு அந்தத் திட்டத்தை ஆதரித்தது அல்ல. என் முப்பத்து நான்கு வயதை எல்லாருக்கும் பொதுவாக்கிப் பலகையில் குத்தியதுதான் தப்பு.

அடுத்த வருடம் மே மாதம் ஒரு நாள் அலுவலகத்துக்கு ஆள் வந்தது. கருப்பையா அண்ணன் என்னை யீஷூனுக்கு வரச் சொன்னாராம். போனேன். கோப்பிக்கடை மூலையில் புதுத் தகரம் அடித்திருந்தது. அண்ணி தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடை உரிமத்துக்கான படிவத்தை என் முன்னால் வைத்தார். நான் பழக்கதோஷத்தில், "இதுக்கு சாம்பிள் ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்" என்றேன்.

"சாம்பிள் வேணாம், தங்கச்சி. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றார்.

கேட்டேன், சொன்னார். கடைசிப் பக்கத்தில் உடல்நலக் கேள்வி வந்தது. நான் வாசிக்கத் தயங்கினேன். பக்கத்து மேசைகளில் பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரே எட்டிப் பார்த்து, விரலை வைத்து, அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தலைசுத்தல் உண்டு. எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க. தோசைக்கல்லு இடுப்பு உசரம்தான், பரவாயில்லன்னும் சேத்து எழுதுங்க."

அண்ணி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கல்லைத் தேய்த்தார். நான் எழுதினேன். அந்தப் படிவம் முடியும் வரை, இரண்டு மணி நேரம், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.